ரோஸ் சீட்டு

லாண்டரியில் அவளுக்குப் பெயர் பாக்கெட்டு. வயதில் சின்னவர்கள் மட்டும் மரியாதையாகப் பாக்கெட்டக்கா என்பார்கள். பதினோரு வருஷமாக அவள் பார்க்கிற வேலை அதுதான். லாட்ஜுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து விழுகிற துணியில், தங்க வந்தவர்களின் சட்டை, பேன்ட்டுகளைத் தனியே பிரித்து, ஒவ்வொரு பாக்கெட்டிலும் கையை விட்டுத் துழாவி, உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட்டுத்தான் மெஷின் பக்கம் தள்ள வேண்டும். ஒரு பேனா கண்ணுக்குத் தப்பிப் போனால் போதும், நாற்பது வெள்ளைச் சட்டை நீலமாக வெளியே வரும். நாற்பது சட்டைக்கும் யார் பதில் சொல்வது?

அவள் கைக்கு எதுவும் தப்பியதில்லை. ஒற்றைக் கம்மல், பாதி கடித்த சாக்லேட், யார் வீட்டுச் சாவியோ, ஒருமுறை முழுசாக ஒரு பல்செட்டு. பல்செட்டுக்காரர் அன்றைக்கு எதைக் கடித்துத் தின்றிருப்பார் என்று பக்கத்து மேஜையில் துணி மடிக்கிறவள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளுக்குப் பெயர் மடிப்பு. அங்கே எல்லாருக்கும் வேலைதான் பெயர்.

கிடைத்ததெல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போகும். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டைத் துண்டை நூலால் கட்டி, லாட்ஜ், ரூம் நம்பர், தேதி எழுதி வைக்க வேண்டும். தேடி வந்து கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஒரு மாசத்துக்குள் கேட்க ஆள் வராவிட்டால் சூப்பர்வைசர் எடுத்து, காசும் தங்கமும் ஆபீசுக்கு, மற்றதெல்லாம் குப்பைக்கு என்று பிரித்துவிடுவார். அவள் அதிகம் மெனக்கெடுவது காகிதங்களுக்குத்தான். நனைந்துபோன பில்லோ டாக்டர் சீட்டோ எதுவானாலும் இரண்டு கைக்குட்டைக்கு நடுவே வைத்து, இஸ்திரிப் பெட்டியை லேசான சூட்டில் ஒற்றி ஒற்றி உலர்த்துவாள். "உனக்கு வேற வேலை இல்ல" என்பார் சூப்பர்வைசர். "யாருக்கு எந்தக் காகிதம் உசுரோ, நமக்கென்ன தெரியும்" என்பாள் இவள்.

அப்பேர்ப்பட்டவளின் சீட்டு தண்ணீரில் போன கதை இது.

இரண்டு மாசத்துக்கு முன்னால், குளிக்கும்போது சோப்புக் கை இடது மார்பின் ஓரத்தில், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, எதிலோ தட்டி நின்றது. பட்டாணி அளவு. அமுக்கினால் வலிக்கவில்லை. பாக்கெட்டுக்குள் என்னவோ கிடக்கிறது என்றுதான் அவள் கைக்குத் தோன்றியது. ஆனால் எடுத்து வெளியே வைக்கிற மாதிரி இல்லை. ஒரு வாரம் தினமும் தொட்டுப் பார்த்தாள். அது இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு வேலை முடிந்து வரும் வழியில் தெருமுனை டாக்டரம்மாவிடம் போய்ப் படுத்தாள். டாக்டரம்மா எப்போதும் லொடலொடவென்று பேசுகிறவர். அமுக்கிப் பார்த்த அந்த இரண்டு நிமிஷம் மட்டும் ஒன்றும் பேசவில்லை. 

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. ஸ்கேன் எடுத்து, ஊசி வச்சுப் பாப்பாங்க. தள்ளிப் போடாதே, கேக்குதா?"

பெரிய ஆஸ்பத்திரியில் அரை நாள் நின்று வாங்கியதுதான் அந்த ரோஸ் கலர் சீட்டு. லீவு மாசத்தில் ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு மணி.

லீவு மாசம் என்றால் மற்றவர்களுக்கு எப்படியோ, அவள் வீட்டில் அது ஒரு கண்டம். பள்ளிக்கூடம் மூடினால் ஊர் ஊராக ஜனம் கிளம்பி லாட்ஜுகள் நிரம்பும். லாண்டரியில் ஒரு மூட்டை வந்த இடத்தில் மூன்று வரும். அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகள் வராத நாளுக்கு ஓனர் சம்பளம் தரமாட்டார். ஆக, வீட்டுக்கு வருகிற காசு பாதியாகிற அதே மாசத்தில்தான் வீட்டில் சாப்பிடுகிற வாய் இரண்டு மடங்காகும். வேன்காரரின் அக்கா, புருஷன், இரண்டு பையன்களோடு லீவுக்கு வந்துவிடுவாள். வராதே என்று சொல்ல முடியாது. தாய் செத்தபோது இவருக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினைந்து. அவள்தான் சோறு ஊட்டி, துணி துவைத்து, தம்பியை மனுஷனாக்கினாள். அண்ணி என்றுதான் இவள் அவளைக் கூப்பிடுவாள், அவள் மேல் இவளுக்கும் கோபம் கிடையாது. கோபப்பட ஏதாவது இருந்தாலாவது சௌகரியமாக இருந்திருக்கும். அண்ணி வாய் நிறையச் சிரிப்பாள், கை நிறைய அன்பு வைப்பாள், சமையலறையில் உதவி செய்கிறேன் என்று நுழைந்து நாலு பாத்திரத்தில் முடிகிற சமையலைப் பதினாலு பாத்திரத்தில் முடிப்பாள்.

ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை, ஏழு பேர். விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, ஏழு பேருக்கும் காலைக்கும் மத்தியானத்துக்கும் சேர்த்து ஆக்கி வைத்துவிட்டு ஏழு மணிக்கு ஓடுவாள். நாள் பூராவும் பாக்கெட் பார்த்துவிட்டு வந்தால் பின்பக்கம் துவைக்கிற கல்லடியில் வீட்டுத் துணி குவிந்து கிடக்கும். அண்ணியின் புருஷன் ஃபேனுக்கு நேராக உட்கார்ந்தபடி, "வாம்மா, இப்பதான் வர்றியா?" என்று அக்கறையாகக் கேட்பார். எழுந்து வழிவிடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

இந்த நெரிசலுக்கு நடுவே அவள் வியாழக்கிழமையை எப்படிப் பிடித்தாள் என்பதே ஒரு தனிக் கதை. சீசனில் லாண்டரியில் லீவு கிடையாது. ஒரு வழி மட்டும் உண்டு, அதற்கு ஆள் மாத்து என்று பெயர். உன் மேஜையைப் பக்கத்து மேஜைக்காரி சேர்த்துப் பார்த்துக்கொண்டால் சூப்பர்வைசர் கண்டுகொள்ள மாட்டார். இவள் மடிப்பைப் பிடித்தாள்.

"எதுக்குக்கா லீவு? யாராவது செத்தாக்கூட சீசன் முடிஞ்சுதான் சாகணும்னு சொல்றவர் ஆச்சே நம்மாளு."

"ஒரு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"வேலைன்னா வேலைதான். என் மேஜையப் பாத்துக்குவியா, மாட்டியா?"

"பாத்துக்குறேன். ஆனா எனக்கு நீ மூணு ஞாயித்துக்கிழமை நிக்கணும்."

"ஒரு நாளைக்கு மூணு நாளா?"

"சீசன் ரேட்டுக்கா. லாட்ஜ்காரன் மட்டும்தான் ஏத்தணுமா?"

மூன்று ஞாயிறும் போய் நின்று முடித்தாள். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் வேன்காரர் அக்காவிடம் சொல்வார், அக்கா அழுவாள், அவள் அழுதால் தெருவே வந்து விசாரிக்கும். மகளுக்கு இது பரீட்சை வருஷம். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் எதற்கு வீணாக எல்லார் வயிற்றிலும் புளியைக் கரைக்க வேண்டும்? ஏதாவது இருந்தால், விருந்தாளிகள் போன பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். எத்தனையோ பெண்கள் கணக்குப் போடுகிற அதே கணக்குத்தான். தன் உடம்பை எல்லாருடைய சௌகரியத்துக்கும் பின்னால் நிறுத்துகிற கணக்கு.

சீட்டை எங்கே வைப்பது? வீட்டில் அலமாரி ஒன்று, அதை ஏழு பேரும் திறப்பார்கள். யாரும் தொடாத ஒரே பொருள், குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய அவளுடைய பழைய சாம்பல் கோட்டு. லாண்டரியில் கொடுத்தது, கை கிழிந்ததும் வீட்டுத் துணி துவைக்க வைத்துக்கொண்டாள். அதைப் போட்டுக்கொண்டால் வேலை செய்ய வேண்டியிருக்கும் என்று வீட்டில் எல்லாருக்கும் பயம்போல, தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார்கள். சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்தக் கோட்டுப் பாக்கெட்டில் வைத்தாள். தினமும் குளிக்கப் போகும்போது எடுத்துத் தேதியைப் பார்ப்பாள். புதன்கிழமை காலையிலும் பார்த்தாள். அண்ணியின் சின்னப் பையன் கதவைப் போட்டு உடைத்தான்.

"அத்தே, சீக்கிரம் வாங்க, அவசரம்."

அவசரத்தில் உறை கைநழுவி ஈரத்தில் விழுந்தது. சீட்டை மட்டும் நாலாக மடித்துப் பாக்கெட்டில் செருகிவிட்டு வெளியே வந்தாள். சாயந்தரம் வந்து வேறு உறை போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்குப் பிறகு மூட்டைகளுக்கு நடுவே நினைக்க நேரமில்லை.

சாயந்தரம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணி கையைப் பிடித்துக்கொண்டாள். சேலையெல்லாம் ஈரம்.

"உள்ள போகாத. இங்க வா. பின்பக்கம் வந்து பாரு."

பின்பக்கம் மூன்று கொடியிலும் துணி. போர்வை, பாவாடை, பையன்களின் டவுசர் எல்லாம் துவைத்துப் பிழிந்து தொங்கின. கல்லடி காலியாக இருந்தது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்தக் கல்லை அவள் காலியாகப் பார்த்ததில்லை.

"என்னண்ணி இது?"

"என்னன்னா? துணி. ஒன்பது நாளா நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன். எந்திரிக்கிற, ஓடுற, வந்தா மறுபடியும் துணிகிட்டயே உக்காருற. ஊரான் துணியெல்லாம் பாத்துட்டு வந்து எங்க துணியையும் நீதான் தொவைக்கணுமா? தம்பிய ஒரு அதட்டு அதட்டினேன். எந்திரிடா, வேன் ஓட்டுற கை துணி புழிஞ்சா ஒடிஞ்சா போயிடும்னு."

வேன்காரர் கொடிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார். முட்டிக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டியும் ஈரமுமாக, பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி இருந்தார். "ஒரு முழு சோப்பு காலி. ஆனா பளிச்சுனு ஆயிடுச்சு, பாரு."

அவள் போர்வையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். சந்தோஷம்தான். பதினாறு வருஷத்தில் முதல் தடவை. மூன்றாவது கொடியின் கடைசியில் சாம்பல் கோட்டு தொங்கியதைப் பார்க்கும் வரைக்கும் சந்தோஷம்தான்.

"அம்மா, உன் கோட்டுதான் இருக்கிறதிலேயே அழுக்கு" என்றாள் மகள். "ரெண்டு தடவை ஊற வச்சேன். அப்புறம் அப்பா கல்லுல அடிச்சாங்க."

"பாக்கெட்டுல பாத்தீங்களா?"

லாண்டரியில் புதுப்பெண்களைக் கேட்கிற அதே குரலில் கேட்டுவிட்டாள். வேன்காரர் சிரிப்பு மாறாமலே சொன்னார்.

"உன் கோட்டுல என்ன இருக்கப் போகுது?"

அவள் போய்க் கோட்டுக்குள் கையை விட்டாள். பாக்கெட்டின் மூலையில் ஈரமாக ஒரு உருண்டை அகப்பட்டது. பட்டாணி அளவு. விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்தாள். பார்க்காமலே தெரிந்தது.

"என்னது அது?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுமில்லண்ணி. பஸ் டிக்கெட்டு."

"அவ்வளவுதானே. சரி, இப்ப இன்னொண்ணு கேளு. கள்ளி, எங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நாளைக்கு உனக்கு லீவு."

அவள் நிமிர்ந்தாள்.

"நீ அங்கேருந்து கிளம்பினதும் உன் கூட வேலை பாக்குறவ, உன் நம்பர் கெடைக்கலைன்னு வீட்டுக்குப் போன் பண்ணினா. அட்டைத் துண்டு எங்க வச்சிருக்கன்னு கேட்டா. புள்ளதான் எடுத்துச்சு. நாளைக்கு அக்காவுக்கு லீவுல்ல, அதான் இப்பவே கேட்டு வச்சுக்கிறேன்னாளாம். எங்களுக்காக லீவு போட்டுட்டு வாயே தொறக்காம இருக்கியே. எங்களுக்குச் சொல்லாம சந்தோஷப்படுத்தலாம்னு பாத்தியாக்கும். நாங்க உன்ன முந்திட்டோம். நாளைக்கு எல்லாரும் அணைக்குப் போறோம். தம்பி ஓனர்கிட்டப் போன்லயே கேட்டு வேன் வாங்கிட்டான், டீசல் மட்டும் நம்மது. சோறு நான் ஆக்குறேன். நீ ஒரு துரும்பக்கூட நகத்தக் கூடாது. உக்காந்து தண்ணியப் பாரு, போதும். உடம்பப் பாரு, எப்படி இளைச்சுக் கெடக்க."

பையன்கள் குதித்தார்கள். அணை, அணை என்று மகளும் சேர்ந்து குதித்தாள். அந்தப் பெண் வீட்டை விட்டு எங்கேயாவது போய் இரண்டு வருஷம் இருக்கும்.

எல்லாரும் உள்ளே போன பிறகு வேன்காரர் காய்ந்ததும் காயாததுமாக ஒரு துண்டை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். மடிக்கத் தெரியாமல் சுருட்டினார். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஏழு பேருக்கு ஆக்கிப் போட்டு உனக்கு இடுப்பு விட்டுப் போச்சு. எனக்குக் கண்ணு இல்லையா? இன்னும் நாலு நாள்தான். அக்கா போயிடும். அது வரைக்கும் பல்லக் கடிச்சிக்க."

"அது இல்லங்க. அண்ணி பத்தி இல்ல. இது வேற."

"வேறயா இருந்தாலும் சரி. லீவு முடியட்டும், வேன் ஓடட்டும். அப்ப எதுவா இருந்தாலும் உக்காந்து கேக்குறேன். இப்ப நீ எதச் சொன்னாலும் எங்கிட்ட என்ன இருக்கு செய்யுறதுக்கு? டீசலுக்கே மாமாகிட்ட வாங்கியிருக்கேன். வெறுங்கையோட இருக்கிறவன்கிட்ட ஒரு கஷ்டத்தச் சொன்னா அவன் என்னத்தப் பண்ணுவான், சொல்லு. நாளைக்கு ஒரு நாள் சிரிச்சிட்டு வருவோம். புள்ளைக்காகவாவது."

அவர் கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் அந்தச் சுருட்டிய துண்டை வாங்கி, பிரித்து, சரியாக மடித்துக் கொடுத்தாள்.

சமையலறையில் போய் அந்த உருண்டையைக் கொண்டை ஊசியால் மெல்லப் பிரித்தாள். இரண்டு கைக்குட்டைக்கு நடுவே வைத்து, மகளின் பாவாடை தேய்க்கிற சாக்கில் இஸ்திரிப் பெட்டியை ஒற்றினாள். எத்தனை பேருடைய காகிதத்தை அப்படிக் காப்பாற்றிய கை. ஆனால் அவையெல்லாம் வியர்வையிலும் மழையிலும் நனைந்தவை. இது சோப்பில் ஊறி, கல்லில் அடிபட்டு வந்தது. ரோஸ் நிறம் போய் அழுக்கு வெள்ளையாக, விளிம்பில் முத்திரையின் கால் வட்டம் மட்டும் மிச்சம். நம்பரைப் போட்டோ எடுத்து வைத்திருக்கலாம், கேமரா உள்ள போன் வீட்டில் ஒன்றுதான், அது மகள் கையில். மனப்பாடமாவது பண்ணியிருக்கலாம். எந்த லாட்ஜ், எந்த ரூம், எந்தச் சட்டை என்று நூறு நம்பரை மனசில் வைத்திருக்கிறவள், தன் சீட்டில் தேதியைத் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை.

"காலையில லாண்டரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துடறேன் அண்ணி. மெஷின்காரர் ஏதோ கேக்கணுமாம். பத்து மணிக்குள்ள வந்துடுவேன்" என்றாள் அன்றைக்குச் சாப்பாடு பரிமாறும்போது.

"ஒரு நாள் லீவுலயும் விடமாட்டானா பாவி" என்றாள் அண்ணி.

வியாழக்கிழமை ஏழு மணிக்கே ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாள். பெரும்பாலும் பெண்கள். துணைக்கு ஒரு ஆளோடு வந்தவர்கள், அவளைப் போலத் தனியாக வந்தவர்கள். எல்லார் கையிலும் ரோஸ் சீட்டு, சிலர் அதை முந்தானையில் முடிந்து பிடித்திருந்தார்கள். எட்டரைக்கு அவள் முறை வந்தது. ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தாவுக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கையை நீட்டினார்.

"சீட்டு."

அவள் கொடுத்தாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது? தொவைச்சிட்டியா?"

"வீட்டுல தெரியாம தொவைச்சிட்டாங்க."

"நம்பர் என்ன?"

"ஞாபகம் இல்லீங்க. பேர் சொல்றேன், புஸ்தகத்துல பாருங்க."

"பேர் எழுதுற புஸ்தகம் அந்த ரூம்ல இருக்கு. சாவி வச்சிருக்கிறவர் லீவுல போயிருக்கார். திங்கக்கிழமை வருவார். எங்கிட்ட நம்பர் லிஸ்ட்டுதான் இருக்கு. நம்பர் சொன்னா இப்பவே உள்ள அனுப்புறேன்."

"எனக்கு எட்டு மணின்னு போட்டிருந்துதுங்க. நெசமா."

"பொய்யின்னு நான் சொல்லலம்மா. இங்க வர்ற எல்லாருக்கும் எட்டு மணிதான்." அவர் மறுபடி மூக்கை உறிஞ்சினார். கெட்ட மனுஷர் இல்லை. ஒரு நாளைக்கு நூற்றுப் பத்துப் பேர் முகத்தைப் பார்க்கிறவர். "ஒண்ணு பண்ணு. ஓரமா உக்காரு. பன்னண்டு மணிக்கு மேல எந்த நம்பருக்கு ஆள் வரலையோ, அதுல உன்னத் தள்ளிவிட முடியுமான்னு டாக்டர்கிட்டக் கேக்குறேன். உத்தரவாதம் இல்ல. உக்காந்திருக்கியா?"

"உக்காந்திருக்கேங்க."

உட்கார்ந்தாள். ஒன்பது, ஒன்பதரை. நம்பர்களைக் கூப்பிடக் கூப்பிடப் பெண்கள் எழுந்து போனார்கள். இரண்டு நம்பருக்கு யாரும் எழவில்லை. அதில் ஒன்று தன்னுடையதாகவே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், எது என்றுதான் தெரியவில்லை. பன்னிரண்டு வரை இருந்துவிடலாம், என்ன சொல்லி இருப்பது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள். பத்து அடித்ததும் போன் அடித்தது.

"எங்கம்மா இருக்க?" என்றாள் அண்ணி. பின்னால் பையன்களின் கூச்சல். "எல்லாரும் வேன்ல ஏறியாச்சு."

"நீங்க போங்கண்ணி. எனக்கு இங்க இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும் போல. நான் வரல."

"நல்லாருக்கே. நீ இல்லாம எதுக்குப் போறது? உனக்காகத்தானே இவ்வளவும். நாலு மணிக்கு வண்டிய ஓனர்கிட்ட விட்டாகணும். இரு, தம்பி பேசுறான். லாண்டரிக்கே வேன எடுத்துட்டு வரானாம், வாசல்லயே உன்ன ஏத்திக்கலாம்னு."

"வேணாம் அண்ணி."

"ஏன் வேணாம்? அஞ்சு நிமிஷம். கிளம்பிட்டான்."

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. எதிர் பெஞ்சில் ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார், ஜன்னலில் குமாஸ்தா தும்மினார். அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் வேன் இங்கே திரும்பும். பையன்கள், மகள், கட்டிய சோறு எல்லாம் இந்த வராந்தாவில் வந்து இறங்கும். மகள் முகம் எப்படிப் போகும் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். கடன் வாங்கி டீசல் போட்ட தன் வீட்டுக்காரர் முகத்தையும் நினைத்தாள். தன் முகத்தை நினைக்கவில்லை.

"நானே வந்துட்டேன் அண்ணி. பாதி வழியில இருக்கேன். அவரை வர வேணாம்னு சொல்லுங்க" என்றாள்.

குமாஸ்தாவிடம் போனாள். "எனக்குப் புதுச் சீட்டே போட்டுக் குடுத்துடுங்க."

"பன்னண்டு மணிக்குள்ள என்னம்மா அவசரம்? ரெண்டு நம்பர் காலியாத்தான் இருக்கு இது வரைக்கும்."

"வீட்டுல காத்துட்டு இருக்காங்க."

அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு ஏடு புரட்டினார், புரட்டிக்கொண்டே போனார். "பதினோரு வாரம் கழிச்சுத்தான் இருக்கு. போடட்டுமா?"

"போடுங்க."

"இதையாவது தொவைக்காம வச்சுக்க."

அணையில் வெயில் நன்றாக இருந்தது. அண்ணி பாயை விரித்து அவளைத்தான் முதலில் உட்கார வைத்தாள். சோறு, முட்டை, உருளைக்கிழங்கு, எல்லாவற்றிலும் கொஞ்சம் உப்பு தூக்கல். அண்ணியே தட்டில் போட்டுக் கையில் கொடுத்தாள். அவள் எழுந்தால் நாலு பேர் சேர்ந்து உட்கார வைத்தார்கள். வேலை இல்லாத கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அது தன்பாட்டில் இடது பக்கம் போய் நின்றது.

"என்ன, நெஞ்சு கரிக்குதா?" என்றாள் அண்ணி.

"இல்லண்ணி. ஏதோ பூச்சி கடிச்சிடுச்சு."

மகள் எல்லாரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தாள். அதில் அவள் நன்றாகவே சிரித்திருக்கிறாள். "பாத்தியா, ஒரு நாள் ரெஸ்ட் எடுத்ததுக்கே முகத்துல எப்படி ஒரு களை வந்துடுச்சுன்னு" என்றார் வேன்காரர். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவரும் சத்தம் போட்டுச் சிரித்தார். பொய்யாகச் சிரித்த நாள் என்று அதைத் தள்ளிவிட முடியாது. அவளுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் பாரமாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பினால் சமையலறை போர் நடந்த இடமாகக் கிடந்தது. அண்ணி களைத்துப்போய் அப்படியே சாய்ந்துவிட்டாள். இவள் சேலையைச் செருகிக்கொண்டு பாத்திரங்களுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பதினாலு பாத்திரம் இருக்கும் என்று நினைத்தது பத்தொன்பது இருந்தது.

வெள்ளிக்கிழமை லாண்டரியில் வழக்கம்போல மூட்டைகள். மடிப்பு வந்ததும் வராததுமாக, "என்னக்கா, அந்த வேலை முடிஞ்சுதா?" என்றாள்.

"ஆச்சு."

"அட்டைத் துண்டு கேட்டு வீட்டுக்குப் போன் பண்ணினேன், புள்ள சொல்லுச்சா?"

"சொன்னா."

மடிப்பின் மேல் கோபப்படுவதா? மூட்டையை அவிழ்த்து ஒரு பேன்ட்டை எடுத்தாள். வலது பாக்கெட்டில் ஒரு பஸ் டிக்கெட், பின்பாக்கெட்டில் யாருக்கோ எழுதிய மருந்துச் சீட்டு. வியர்வையில் நனைந்திருந்தது. அதை இரண்டு கைக்குட்டைக்கு நடுவே வைத்து ஒற்றி, அட்டை கட்டி, ரூம் நம்பர் எழுதி டின்னுக்குள் வைத்தாள். சாயந்தரத்துக்குள் அந்த ரூம்காரர் வந்து கேட்பார், வாங்கிக்கொண்டு தேங்க்ஸ்கூடச் சொல்லாமல் போவார். சீட்டு பத்திரமாகப் போய்ச் சேரும்.

டின்னை மூடப் போனவள் மூடவில்லை. ஜாக்கெட்டுக்குள் கையை விட்டுப் புது ரோஸ் சீட்டை எடுத்தாள். இந்த முறை நம்பரை மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பதினோரு வாரத்துக்கு அதைக் கொண்டுபோய் வைக்க வீட்டில் ஒரு இடம் அவளுக்குத் தோன்றவில்லை. ஓர் அட்டைத் துண்டை எடுத்துச் சீட்டில் கட்டினாள். லாட்ஜ் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. தேதியை மட்டும் எழுதி டின்னுக்குள், மருந்துச் சீட்டுக்கு அடியில் வைத்தாள்.

மடிப்பு சட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவள் டின்னை எட்டிப் பார்த்தாள். எதையும் எட்டிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது.

"யாரோடதுக்கா அந்த ரோஸ் கலரு? ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருக்கு."

"யாரோ ஒரு பொம்பளையோடது."

"அட்டையில ரூம் நம்பர் இல்லையே?"

"அவளுக்கு ரூம் இல்ல."

"அப்ப யாரு வந்து கேப்பா? ஒரு மாசம் பாத்துட்டு அந்தாளு குப்பையில போட்டுடுவாரே."

அவள் அடுத்த பேன்ட்டை எடுத்துப் பாக்கெட்டுக்குள் கையை விட்டாள்.